அட்டை ஓரத்துல ஒரு தேதி

மருந்து அட்டையோட ஓரத்துல, வெளிச்சத்துக்குக் காட்டி, கண்ணைச் சுருக்கி, தலைகீழாத் திருப்பினா மட்டும் தெரியற மாதிரி ஒரு தேதி அடிச்சிருப்பாங்களே, அதைப் பத்தின பதிவு இது. கம்பெனி பேரு மட்டும் கொட்டை எழுத்துல பளிச்சுனு இருக்கும். நமக்கு வேண்டிய தேதியை மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி அழுத்தி வச்சிருப்பாங்க.

'காலாவதி மருந்து பறிமுதல்'னு பேப்பர்ல செய்தி வந்தா ரெண்டு நாளைக்கு எல்லாரும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். மூணாவது நாள் மறந்துடுவோம். எனக்கு பழைய கதைகளைத் தோண்டற வியாதி உண்டுங்கிறது இங்கே அடிக்கடி வர்றவங்களுக்குத் தெரியும். இந்தத் தேதி எப்போ, எதுக்காக மருந்து மேல வந்து உட்கார்ந்ததுன்னு தேடப் போனேன். படிச்சவரைக்கும் எனக்குப் பட்டது இதுதான்: காலாவதி மருந்து ஏன் அலமாரியில இருக்குங்கிற கேள்விக்கு முன்னாடி, அதைத் தூக்கிப் போட்டா நஷ்டம் யார் தலையில விழுதுங்கிற கேள்வி இருக்கு. அதுக்குப் பதில் தெரிஞ்சா மத்தது தானா விளங்கிடும்.

நம்ம ஊர்லயிருந்தே ஆரம்பிப்போம். சித்த மருத்துவத்துல உள்மருந்து 32 வகை. ஒவ்வொண்ணுக்கும் இவ்வளவு நாள்தான் ஆயுள்னு வகுத்து வச்சிருக்காங்க. சாறு, குடிநீர் (அதாங்க கஷாயம்) ஒரு சாமம், அதாவது மூணு மணி நேரம். சூரணம் மூணு மாசம். லேகியம் ஆறு மாசம். எண்ணெய் ஒரு வருஷம். செந்தூரம் 75 வருஷம், பற்பம் 100 வருஷம். ஈரம் இருக்கறது சீக்கிரம் கெடும், புடம் போட்டது நிக்கும்கிற கணக்கு இதுல தெளிவாத் தெரியுது.

ஆனா இதுல ஒண்ணு கவனிங்க. இந்த ஆயுளை எல்லாம் வைத்தியர் மனப்பாடமா வச்சிருந்தா போதும், பாட்டில் மேல எழுதி ஒட்ட வேண்டிய அவசியம் வரலை. ஏன்னா மருந்தை இடிச்சவரும் கொடுத்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள். எப்போ இடிச்சோம்னு அவருக்குத் தெரியும். செய்யறவர் ஒருத்தர், மொத்தமா வாங்கி வைக்கறவர் ஒருத்தர், சில்லறையா விக்கறவர் இன்னொருத்தர்னு ஆன பிறகுதான் சிக்கலே. நடுவுல ஒரு அலமாரி வந்துடுச்சு. அலமாரியில தூங்கற சரக்குன்னா அது தூங்கற பணம்.

இதை ரொம்ப முன்னாடியே புரிஞ்சுகிட்ட ஒரு ராஜா உண்டு. சிசிலியை ஆண்ட ரெண்டாம் ஃபிரெடரிக். 1231ல மெல்ஃபிங்கிற ஊர்ல அவர் வெளியிட்ட சட்டத் தொகுப்பும், அதுக்கப்புறம் சில வருஷத்துல அதோட சேர்த்த விதிகளும் மருந்து வியாபாரத்தைத் தனியாவே கவனிச்சிருக்கு. மருத்துவர் மருந்துக்கடை வச்சிருக்கக் கூடாது, கடைக்காரரோட கூட்டும் வச்சுக்கக் கூடாதுன்னு ஒரு விதி. (இதைப் படிச்சதும் உங்க மனசுல எந்த ஆஸ்பத்திரி வந்துச்சுன்னு நான் கேட்கலை!) இன்னொரு விதி இன்னும் சுவாரசியம். வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள வித்துத் தீர்ற மருந்துன்னா கடைக்காரர் அவுன்சுக்கு 3 தாரி லாபம் எடுத்துக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல கடையில வச்சிருக்க வேண்டிய மருந்துன்னா 6 தாரி. தாரிங்கிறது அந்தக் காலத்து சிசிலி நாணயம்.

அதாவது, சரக்கு தேங்கினா வியாபாரிக்கு நஷ்டம், அந்த நஷ்டத்துக்கு வழி செய்யலைன்னா அவர் குறுக்கு வழி தேடுவார்னு கிட்டத்தட்ட 800 வருஷம் முன்னாடியே யோசிச்சிருக்காங்க. அதுக்கு அவங்க கண்ட வழி லாபத்தை ரெண்டு மடங்கு ஆக்கறது. சரியான வழியாங்கறது வேற விஷயம். மருந்து பழசாக ஆக லாபம் கூடும்னா யாருதான் அதை வெளியே தூக்கிப் போடுவாங்க?

இங்கிலாந்துக்காரங்க வேற மாதிரி யோசிச்சாங்க. 1540ல எட்டாம் ஹென்றி காலத்துல ஒரு சட்டம். லண்டன் மருத்துவர் சங்கம் வருஷா வருஷம் நாலு பேரைத் தேர்ந்தெடுக்கும். அவங்க மருந்துக்கடைக்குள்ள போய் சரக்கைப் பார்ப்பாங்க. கெட்டுப் போனது, பழசானது இருந்தா அழிக்கச் சொல்லலாம். இன்னிக்கு இருக்கற டிரக் இன்ஸ்பெக்டர் வேலைக்கு இவங்கதான் கொள்ளுத்தாத்தான்னு சொல்லலாம். ஆனா பழசா இல்லையான்னு அவங்க எப்படி முடிவு பண்ணினாங்க? கண்ணால பார்த்து, மூக்கால முகர்ந்துதான். ஜாதிக்காய்க்கும் லவங்கத்துக்கும் அது போதும். பாட்டில்ல இருக்கற தெளிவான திரவத்துக்குப் போதாது.

அந்த தெளிவான திரவம்தான் அடுத்த கதை. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரம், 1901. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) குழந்தைகளைக் கொத்துக் கொத்தா கொண்டு போன காலம் அது. குதிரைக்கு அந்த நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதோட ரத்தத்துலயிருந்து எதிர்ப்பு சீரம் எடுத்து குழந்தைகளுக்கு ஊசி போட்டாங்க. நகர சுகாதாரத் துறையே குதிரை வச்சு சீரம் தயாரிச்சுக் கொடுத்துச்சு. ஒரு குதிரையோட பேரு ஜிம். முன்னாடி பால் வண்டி இழுத்த குதிரை.

1901 அக்டோபர் 2ஆம் தேதி ஜிம்முக்கு டெட்டனஸ்னு தெரிஞ்சு அதைக் கொன்னுட்டாங்க. அந்த மாசக் கடைசியில டிப்தீரியா ஊசி போட்ட குழந்தைகள் டெட்டனஸ் வந்து சாக ஆரம்பிச்சாங்க. மொத்தம் 13 குழந்தைகள். விசாரணையில என்ன தெரிஞ்சதுன்னா, செப்டம்பர் 30ஆம் தேதி ஜிம்கிட்ட எடுத்த சீரத்துல டெட்டனஸ் நஞ்சு இருந்திருக்கு. குதிரைக்கு வெளியில எந்த அறிகுறியும் இல்லாத நேரம் அது. அதைவிடக் கொடுமை, அந்த செப்டம்பர் 30 சீரத்துல ஒரு பகுதியை ஆகஸ்ட் 24னு தேதி போட்ட பாட்டில்கள்ல அடைச்சு வெளியே அனுப்பியிருக்காங்க. ஆகஸ்ட் சீரம் நல்ல சீரம். பாட்டில் மேல நல்ல தேதி, உள்ளே வேற தேதி.

அதே வருஷம் நியூ ஜெர்சியில கேம்டன்ங்கிற ஊர்ல அம்மைத் தடுப்பூசி போட்ட 9 குழந்தைகள் டெட்டனஸ்ல செத்துப் போனாங்க. இந்த ரெண்டும் சேர்ந்துதான் 1902 ஜூலை 1ஆம் தேதி அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்தது. சீரம், தடுப்பூசி செய்யறவங்க லைசென்ஸ் வாங்கணும். அதிகாரிகள் வந்து பார்ப்பாங்க. லேபிள்ல மருந்தோட பேரு, செஞ்சவர் முகவரி, லைசென்ஸ் எண், அதோட கூட, எந்தத் தேதிக்கு மேல இது வேலை செய்யும்னு நம்ப முடியாதோ அந்தத் தேதி, எல்லாம் இருக்கணும். மருந்து மேல காலாவதித் தேதி போட்டே ஆகணும்னு சொன்ன ஆரம்பகாலச் சட்டங்கள்ல இது முக்கியமானது. ஆனா இது சீரத்துக்கும் தடுப்பூசிக்கும் மட்டும்தான். சாதாரண மாத்திரைக்கும் காலாவதித் தேதி கட்டாயம்னு அங்கே விதி வர 1979 ஆகிடுச்சு!

இந்தியாவுக்கு வருவோம். 1920கள்ல இங்கே மருந்துச் சந்தை திறந்த வீடு. வெளிநாட்டுல விலை போகாத சரக்கு, கலப்பட கொய்னா எல்லாம் தாராளமா வந்து இறங்கிச்சு. கல்கத்தாவுல பேராசிரியரா இருந்த ராம் நாத் சோப்ரா தலைமையில 1930ல ஒரு குழு போட்டாங்க. 1931ல அறிக்கை வந்தது. சட்டம் வந்தது 1940ல. விதிகள் வந்தது 1945ல. நம்ம நாட்டு வேகம் அப்பவே அப்படித்தான் :-)

அந்த விதிகள்ல இன்னிக்கும் இருக்கற சில விஷயம் நமக்கெல்லாம் தெரிஞ்சிருக்கணும். எந்தெந்த மருந்துக்கு எவ்வளவு ஆயுள்னு தனிப் பட்டியலே இருக்கு. பட்டியல்ல இல்லாத மருந்துக்கு கம்பெனியே ஆயுள் முடிவு பண்ணலாம், ஆனா பொதுவா 60 மாசத்தைத் தாண்டக் கூடாது. மாசமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தா அந்த மாசத்தோட கடைசி நாள் வரைக்கும்னு அர்த்தம். அக்டோபர்னு போட்டிருந்தா அக்டோபர் 31 வரைக்கும். ஒண்ணாந்தேதியே கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க.

கடைக்காரருக்கான விதி 65, உட்பிரிவு 17. தேதி முடிஞ்ச மருந்தை விக்கவும் கூடாது, இருப்பு வைக்கவும் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செஞ்சிருந்தா அதுவரைக்கும் கடையில வச்சிருக்கலாம். ஆனா மத்த சரக்கோட சேராம தனியா, பெட்டியில போட்டு, மேல 'விற்பனைக்கு அல்ல'ன்னு பெரிசா எழுதி வைக்கணும். நல்லா நடக்கற எந்த மெடிக்கல் ஷாப்லயும் உள்ளே ஒரு மூலையில இந்தப் பெட்டி இருக்கும். சோதனைக்கு வர்ற மருந்து ஆய்வாளர் அலமாரியைப் பார்க்கறதோட இந்தப் பெட்டியையும், வாங்கின பில்லுல இருக்கற பேட்ச் நம்பரையும் சேர்த்துப் பார்க்கணும். பெட்டியே இல்லாத கடைன்னா ஒண்ணு அங்கே எதுவுமே காலாவதி ஆகலை, இல்லைன்னா ஆனது எங்கேயோ போகுது.

'தேதி தாண்டினா என்ன, விஷமா ஆயிடுமா?'ன்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். நியாயமான கேள்விதான். பெரும்பாலான மருந்து விஷமாகாது, வீரியம்தான் குறையும். விதிவிலக்கு உண்டு. 1963ல, கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சாப்பிட்டவங்களுக்கு சிறுநீரகம் பாதிச்சதை அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செஞ்சாங்க. இன்னொரு பக்கம், அமெரிக்க ராணுவம் 1980களோட நடுவுல இருந்து தன்னோட மருந்துக் கிடங்கைச் சோதிச்சுட்டு வருது. 2006ல வெளிவந்த முடிவுப்படி 122 மருந்துகள்ல 3,005 பேட்ச் பார்த்ததுல 88 சதவீதத்துக்கு குறைஞ்சது ஒரு வருஷமாவது ஆயுளை நீட்டிக்க முடிஞ்சது.

இதைச் சொல்லி 'எக்ஸ்பயரி எல்லாம் கம்பெனிக்காரன் தந்திரம்'னு வாதாடறவங்க உண்டு. அந்தக் கிடங்குல மருந்து எப்படி இருந்ததுங்கறதை அவங்க சொல்றதில்லை. பிரிக்காத பெட்டி, அளந்து வச்ச குளிர், ஈரம் இல்லாத அறை. நம்ம ஊர்ல மே மாச வெயில்ல லாரியில வந்து, ஓட்டுக் கூரைக்குக் கீழே மதியம் பூரா வெந்து, கரண்ட் போன ஃப்ரிட்ஜுல உட்கார்ந்திருந்த இன்சுலினுக்கு அந்தக் கணக்கு ஒத்து வருமா? நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை பாதி வேலை செஞ்சா, மீதிப் பாதிக்கு உசிருதான் பதில் சொல்லணும். சொன்ன மாதிரி பாதுகாத்தா இந்தத் தேதி வரைக்கும் நான் பொறுப்புன்னு தயாரிச்சவர் போட்ட கையெழுத்துதான் அந்தத் தேதி. அதுக்கப்புறம் நல்லா இருக்கலாம், இல்லாமலும் போகலாம், யாரும் பொறுப்பு இல்லை.

இப்போ சென்னை, 2010 மார்ச். பலருக்கு ஞாபகம் இருக்கும். காலாவதியாகி ஒதுக்கின மருந்துகள் கொடுங்கையூர் குப்பைக்கிடங்குக்குப் போயிருக்கு. அங்கேயிருந்து பொறுக்கி எடுத்து, பழைய தேதியை அழிச்சு, புதுத் தேதி அடிச்சு, மறுபடி கடைகளுக்கே அனுப்பியிருக்காங்க. குடோன் குடோனா சோதனை, கைதுகள், தினம் தினம் தலைப்புச் செய்தி. போலி மருந்துக்கு ஆயுள் தண்டனை வரைக்கும் கொடுக்கலாம்னு மத்திய அரசு சட்டத்தைக் கடுமையாக்கி, அது அமலுக்கு வந்தது 2009 ஆகஸ்ட்ல. ஒரு வருஷம்கூட ஆகலை.

1901ல செயின்ட் லூயிஸ்ல நடந்ததும் 2010ல சென்னையில நடந்ததும் அடிப்படையில ஒண்ணுதான்: மேல ஒரு தேதி, உள்ளே ஒரு தேதி. ஒரு வித்தியாசம், அங்கே அலட்சியம், இங்கே வியாபாரம். அப்போ எல்லாரும் திட்டினது தேதியை மாத்தி அடிச்சவங்களை. திட்ட வேண்டியதுதான். ஆனா எனக்கு உறுத்தினது அதுக்கு முந்தின படி. அட்டையைக் கிழிக்காம, பாட்டிலை உடைக்காம, முழுசா, அப்படியே குப்பைக்கு அனுப்பினது யாரு? ஏன்?

இங்கேதான் காசுக் கணக்கு வருது. விலைக் கட்டுப்பாட்டுல இருக்கற மருந்துக்கு சில்லறைக் கடைக்காரர் லாபம் 16 சதவீதம்னு 2013 விலை ஆணை சொல்லுது. கடைக்காரர் 100 ரூபாய்க்கு வாங்கின ஒரு அட்டை காலாவதி ஆச்சுன்னா, அந்த நஷ்டத்தை எடுக்க அதே மாதிரி ஆறேழு அட்டை வித்தாகணும். திருப்பி எடுத்துக்கிட்டு கிரெடிட் நோட் கொடுக்கற கம்பெனி இருந்தா கவலை இல்லை. 'லேட்டா அனுப்பிட்டீங்க', 'பாதி அட்டை எடுக்க மாட்டோம்', 'ஸ்டாக்கிஸ்ட் மாறிட்டாரு'ன்னு இழுத்தா? யோக்கியமான கடைக்காரர் பல்லைக் கடிச்சுக்கிட்டு நஷ்டத்தை ஏத்துக்குவார். எல்லாரும் அப்படி இருப்பாங்கன்னு நம்பி நாம மாத்திரையை முழுங்கறோம்.

அரசு ஆஸ்பத்திரியில கதை வேற. அங்கே யாரும் சொந்தக் காசு போடலை, அதனால வித்துத் தீர்க்கணும்கிற ஆசையும் இல்லை. ஆனா தேவையைப் பார்க்காம வாங்கிக் குவிச்சா ஒரு பக்கம் மூட்டை மூட்டையா காலாவதி ஆகும், இன்னொரு பக்கம் நோயாளிகிட்ட 'வெளியில வாங்கிக்கோங்க'ன்னு சீட்டு எழுதுவாங்க. காலாவதி ஆனதைக் கணக்குல காட்டினா ஆடிட்ல கேள்வி வரும். அங்கே நஷ்டம்னா பணம் இல்லை, மெமோ. மெமோவுக்குப் பயந்து ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தி வைக்கறதும் மனுஷ சுபாவம்தான்.

இதுக்கு தமிழ்நாடு கண்டுபிடிச்ச வழி உண்மையிலேயே பெருமைப்படக் கூடியது. 1994ல தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அவசியமான மருந்துகளுக்குப் பட்டியல் போட்டு, மாநிலம் முழுக்க ஒரே இடத்துல டெண்டர் விட்டு வாங்கறது. மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு. ஒவ்வொரு பேட்ச்லயும் மாதிரி எடுத்து, கம்பெனி பேரு தெரியாம சங்கேத எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக். இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கலாம்னு வரம்பு, அதுக்குள்ள தனக்கு வேண்டியதை ஆஸ்பத்திரியே தீர்மானிச்சு எடுத்துக்கும். கிடங்கு இருப்பு கம்ப்யூட்டர்ல இருக்கறதால எது முதல்ல காலாவதி ஆகுமோ அதை முதல்ல வெளியே அனுப்ப முடியும்.

இதுல பாஸ்புக்தான் சூட்சுமம்னு எனக்குத் தோணுது. வேண்டாத மருந்தை எடுத்தா வேண்டிய மருந்துக்கு வரம்பு குறையும். வாங்கறவங்களுக்கு முதல் தடவையா கை கடிக்க ஆரம்பிச்சது. கேரளா, ராஜஸ்தான்னு பல மாநிலம் பின்னாடி இதே மாதிரி கழகம் அமைச்சதுல ஆச்சரியம் இல்லை. இதனால அரசு ஆஸ்பத்திரியில காலாவதி மருந்தே இல்லைன்னு ஆகிடாது. ஆனா எங்கே, எவ்வளவு தேங்கியிருக்குன்னு கேட்டா பதில் சொல்ல ஒரு ஏற்பாடு இருக்கு.

தனியார் பக்கமும் கொஞ்சம் நகர்ந்திருக்கு. 2023 ஆகஸ்ட்ல இருந்து அதிகம் விக்கற 300 பிராண்டுகளுக்கு அட்டையில பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயம். பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் அதுக்குள்ள இருக்கும். மேல இருக்கறதை அழிச்சு மாத்தி அடிச்சாலும் உள்ளே இருக்கறது காட்டிக் கொடுத்துடும், யாராவது ஸ்கேன் பண்ணினா. வீட்டுல தேங்கற மருந்தைத் திரும்ப வாங்கற திட்டத்தை கேரளா 2025ல கோழிக்கோட்டுல ஆரம்பிச்சுது. அதே வருஷம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும், காலாவதி மருந்தை எப்படி அழிக்கணும்னு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. அதுல 17 மருந்துகளை, தப்பானவங்க கைக்குப் போனா ஆபத்துங்கறதால, கழிப்பறையிலேயே கொட்டித் தண்ணி விடச் சொல்லியிருக்காங்க. வலிக்குக் கொடுக்கற டிரமடால், ஃபென்டனில் எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு. மத்த மருந்துக்கு அந்த வழி கூடாது.

இவ்வளவு இருந்தும், கடைசி அடியில எல்லாம் கோட்டை விட்டுடறோம். கடையில பத்து மாத்திரை அட்டையில நாலு மட்டும் கேட்கறோம். அவர் கத்திரியை எடுத்து வெட்டித் தர்றார். தேதி இருக்கற நுனி அவர்கிட்டயே தங்கிடும். நம்ம கையில இருக்கற நாலு மாத்திரைக்கு ஊரு பேரு எதுவும் கிடையாது. போன மாசம் ஒரு கடையில தேதி இருக்கற பக்கத்தைக் காட்டுங்கன்னு கேட்டேன். 'எங்க கடையில எல்லாம் ஃப்ரெஷ் சார்'னு சொன்னாரே தவிர, அந்த நுனியை எடுக்க அவருக்கு மனசு வரலை. நான் வாங்காம வந்துட்டேன். அவர் கடையில தப்பு இருந்திருக்கும்னு சொல்லலை. கேட்கற ஆள் இல்லாததால அவருக்குக் காட்டற பழக்கமும் இல்லை.

அதனால மூணு சின்ன வேலை. ஒண்ணு, வெட்டறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க, பில்லுல பேட்ச் நம்பர் இருக்கான்னும் பாருங்க. தேதி மேல அழிச்ச தடமோ ஸ்டிக்கரோ இருந்தா வேண்டாம்னு வச்சுடுங்க. ரெண்டு, வீட்டுல எடுக்கும்போது தேதி இல்லாத பக்கத்துலயிருந்து மாத்திரையைப் பிரிங்க, கடைசி மாத்திரை வரைக்கும் தேதி இருக்கும். மூணு, பழைய மருந்தைக் குப்பையில போடறதா இருந்தா முழுசாப் போடாதீங்க. மாத்திரையை அட்டையில இருந்து பிதுக்கி எடுத்து, மண்ணோடயோ காபித் தூளோடயோ கலந்து கட்டிப் போடுங்க. அட்டையையும் லேபிளையும் கிழிச்சுடுங்க. கொடுங்கையூர்ல யாரோ அந்த வேலையைச் செய்யாம விட்டதாலதான் அத்தனையும் திரும்பி வந்துச்சு.

மருந்துக்கடை வச்சிருக்கற, இல்லை அரசு ஆஸ்பத்திரி ஸ்டோர்ல வேலை பார்க்கற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, காலாவதி சரக்கு உங்ககிட்ட எப்படித் திரும்பிப் போகுதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. பேரு வேண்டாம், கடை பேரும் வேண்டாம், நடைமுறை மட்டும் போதும்.